புரதச் சங்கிலியின் திருப்பங்கள்

திருமலையிலிருந்து கீழே இறங்கும் பாதையில் வண்டியில் வந்தவர்களுக்கு வளைவு என்றால் என்னவென்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1944-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அந்த மலைப் பாதையில் 30-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நேரே ஓடிவரும் சாலை ஓரிடத்தில் சட்டென்று திரும்பி, வந்த திசைக்கே எதிர்த் திசையில் போகத் தொடங்குகிறது. வண்டியில் இருக்கும் பெரியவர்கள் கம்பியைப் பற்றிக்கொள்கிறார்கள். குழந்தைகளோ வளைவுகளை எண்ணுகிறார்கள். எண்ணத்தக்கவை அவைதாமே! அந்த வளைவுகள் இல்லாவிட்டால் சாலை மலையோடு ஒட்டியிராது. நீண்ட பாதையை ஒரு சிறு மலைச்சரிவுக்குள் மடக்கி வைத்திருப்பவை வளைவுகளே.

அந்தப் பாதையில் இறங்கி வருபவர்களில் பலர் மலைமேல் கல்யாண கட்டாவில் முடி காணிக்கை செலுத்திவிட்டு வருகிறவர்கள். அவர்கள் கொடுத்துவிட்டு வந்த முடி கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. கொண்டை ஊசி என்ற பெயரும் கூந்தலிலிருந்து வந்ததுதான். எனினும் முடியிலுள்ள புரதச் சங்கிலி பெரும்பாலும் நீளவாக்கில் செல்வது. அதில் கொண்டை ஊசி வளைவுகளைத் தேடினால் அதிகம் அகப்படா. அவற்றைக் காண வேண்டுமானால் நம் உடலில் உழைத்துக்கொண்டிருக்கும் வேறு புரதங்களைப் பார்க்க வேண்டும். அந்த வளைவுகளை முதன்முதலில் கணக்கிட்டு வகைப்படுத்தியவர் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஒருவர். அவருடைய பெயர் வெங்கடாசலம். மலையின் பெயரே வளைவுகளை வகுத்தவருக்கும் வாய்த்திருப்பது ஓர் அழகான தற்செயல்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அமைந்த சங்கிலி. பொதுவாக 20 வகை அமினோ அமிலங்கள் இச்சங்கிலியில் கண்ணிகளாக அமைகின்றன. எந்தக் கண்ணிக்கு அடுத்து எந்தக் கண்ணி என்னும் வரிசை ஒவ்வொரு புரதத்துக்கும் வேறு. ஆனால் வரிசை மட்டும் போதாது. சங்கிலி தனக்குரிய வடிவத்தில் மடிந்தால்தான் புரதம் தன் வேலையைச் செய்யும். முடியிலுள்ள புரதம் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அதன் வேலைக்கு அது போதும். உணவைச் செரிக்கச் செய்யும் நொதியோ அவ்வாறன்று. அதன் சங்கிலி உருண்டை வடிவில் சுருண்டிருக்க வேண்டும். நீண்ட நூலொன்று பந்தாக வேண்டுமானால் மீண்டும் மீண்டும் திரும்பித்தானே ஆகவேண்டும்?

இவ்வளவு வெளிப்படையான செய்தி நெடுங்காலம் கவனிக்கப்படாமல் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. 1930-களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆஸ்ட்பரி என்பவர் கம்பளி நூலையும் முடியையும் எக்ஸ் கதிரில் படம்பிடித்துப் பார்த்தார். எக்ஸ் கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரிவது ஒழுங்கு. ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வந்தால் படத்தில் புள்ளிகள் பளிச்சிடும். 1951-இல் அமெரிக்காவில் பாலிங், கோரி, பிரான்சன் ஆகிய மூவரும் அந்த ஒழுங்கின் வடிவத்தைக் கண்டனர். 3.6 கண்ணிகளுக்கு ஒரு சுற்றாக ஏறிச் செல்லும் திருகு சுருள் ஒன்று. அதற்கு ஆல்பா சுருள் என்று பெயர். சங்கிலிகள் பக்கத்தில் பக்கமாக அடுக்கி மடிப்புத் துணிபோல் விரியும் அமைப்பு இன்னொன்று. அதற்குப் பீட்டா தகடு என்று பெயர். இவ்விரண்டும் விஞ்ஞானிகளின் கண்ணையும் கருத்தையும் கவர்ந்துவிட்டன. எஞ்சிய பகுதிகளை 'ஒழுங்கற்ற சுருணை' என்று சொல்லி ஒதுக்கிவிடுவது வழக்கமாயிற்று.

பிறகு கெண்ட்ரூ தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதத்தின் உருவத்தை 1958-இல் மங்கலாகவும், 1960-இல் தெளிவாகவும் கண்டார். 153 கண்ணிகள் கொண்ட அந்தச் சங்கிலியில் எட்டுச் சுருள்கள் இருந்தன. ஆனால் அவை வரிசையாக அடுக்கிய கட்டைகள்போல் இல்லை. ஒன்று இப்படியும் மற்றொன்று அப்படியுமாகச் சாய்ந்து கிடந்தன. சுருளையும் சுருளையும் இணைத்த மூலைகளே முழு உருவத்தை முடிவு செய்தன. சாலையின் நேர்ப் பகுதிகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. வளைவுகளுக்குப் பெயர் இல்லை.

இந்தச் சமயத்தில் சென்னையில் நடந்துகொண்டிருந்ததைப் பார்ப்போம். பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன் 1952-இல், முப்பது வயது நிரம்பும் காலத்தில், சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தார். கோலாஜன் என்னும் புரதத்தை அவர் ஆராய எடுத்துக்கொண்டார். தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் இருப்பது அது. பக்கத்திலேயே அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1954-இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கோலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று வெளியிட்டனர். அந்தக் கயிற்றின் நடுவே இடம் மிகவும் குறைவு. ஆகவே ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது கண்ணிதோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமே இருக்க முடியும். இந்தக் கிளைசினை நாம் சற்று நேரத்தில் மறுபடியும் சந்திப்போம்.

அவர்களுடைய வடிவத்துக்கு வெளிநாட்டிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. சில அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவு நெருக்கம் இயற்கையில் இயலாது என்று குறை கூறப்பட்டது. அப்படியானால் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இதற்குத் தெளிவான விடை அப்போது எவரிடமும் இல்லை. ராமச்சந்திரன் வாதத்தில் இறங்குவதோடு நின்றுவிடாமல் அந்தக் கேள்வியையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். அறியப்பட்ட படிகங்களில் அணுக்களின் இடைவெளிகள் தொகுக்கப்பட்டன. எவை எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு ஓர் அட்டவணை உருவாயிற்று.

அந்த அட்டவணையிலிருந்து பிறந்ததுதான் 1963-இல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் வெளியிட்ட படம். இன்று உலகமெங்கும் அதற்கு ராமச்சந்திரன் வரைபடம் என்றே பெயர். அதன் கருத்து எளியது. சங்கிலியின் இரு கண்ணிகளை இணைக்கும் பெப்டைடு அலகு ஒரு சீட்டுப்போல் தட்டையானது, வளையாது. ஆனால் ஒரு சீட்டும் அடுத்த சீட்டும் சேரும் மூலையில் இரண்டு அச்சுகள் உண்டு. அவற்றைச் சுற்றிச் சீட்டுகள் திரும்பலாம். அந்த இரண்டு கோணங்களுக்கு ஃபை என்றும் சை என்றும் பெயர். ஃபையைக் கிடைக்கோட்டிலும் சையை நெடுங்கோட்டிலும் குறித்து, அணுக்கள் மோதிக்கொள்ளும் இடங்களையெல்லாம் தள்ளிவிட்டால், எஞ்சி நிற்பது ஒரு சிறு பகுதியே. புரதச் சங்கிலி செல்லத்தக்க இடம் அதுதான். நாட்டுப் படத்தில் சாலையும் சமவெளியும் தெரிவதுபோல, இந்தப் படத்தில் புரதத்துக்குரிய அனுமதி பெற்ற நிலங்கள் தெரிந்தன.

இரண்டு சீட்டுகளுக்குக் கணக்கு முடிந்தது. மூன்று சீட்டுகளைக் கோத்தால் என்ன ஆகும்? ராமச்சந்திரனுடன் ஆராய்ந்து வந்த சி. எம். வெங்கடாசலம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். மூன்று பெப்டைடு அலகுகள் என்றால் நான்கு கண்ணிகள். நடுவிலுள்ள இரண்டாம் கண்ணியிலும் மூன்றாம் கண்ணியிலும் இரண்டிரண்டாக, மொத்தம் நான்கு கோணங்கள். இந்த நான்கு கோணங்களையும் எப்படியெப்படித் திருப்பினால் முதற் கண்ணியிலுள்ள ஆக்ஸிஜன், நான்காம் கண்ணியிலுள்ள நைட்ரஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்ள முடியும்? சங்கிலி நான்கே கண்ணிகளில் தன்னையே திரும்பித் தொட வேண்டும். எந்த அணுவும் எந்த அணுவோடும் மோதக் கூடாது. 1968-இல் வெளியான அவருடைய கட்டுரை இதற்கு விடை கூறிற்று.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். அப்போது முழு உருவம் அறியப்பட்ட புரதங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மயோகுளோபின், ஹீமோகுளோபின், 1965-இல் லைசோசைம், 1967-இல் ரிபோநியூக்ளியேஸ் என்று ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்தன. இவற்றுள் ரிபோநியூக்ளியேஸின் உருவத்தை அமெரிக்காவில் கண்ட மூவருள் ஒருவர், நாம் முன்பு சொன்ன அதே கோபிநாத் கர்த்தா. ஆயிரம் வளைவுகளைப் பார்த்து அவற்றை இனம் பிரிக்க அன்று வழியில்லை. ஆகவே வெங்கடாசலம் 'என்னென்ன வளைவுகள் இருக்கின்றன' என்று கேட்கவில்லை. 'என்னென்ன வளைவுகள் இருக்கக்கூடும்' என்று கேட்டார். மலையைச் சுற்றிப் பார்க்கும் முன்னரே, இந்தச் சரிவில் எத்தனை வகை வளைவு அமைக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும் பொறியாளரின் செயலை ஒத்தது அது.

அவருக்குக் கிடைத்தவை மூன்று வகைகள். அம்மூன்றுக்கும் கண்ணாடிப் பிம்பங்கள் மூன்று. முதலாம் வகையில் இரண்டாம் கண்ணியின் கோணங்கள் கழித்தல் 60 பாகை, கழித்தல் 30 பாகை. மூன்றாம் கண்ணியின் கோணங்கள் கழித்தல் 90 பாகை, சுழி. இரண்டாம் வகை கிட்டத்தட்ட இதே வளைவுதான்; நடுவிலுள்ள சீட்டு மட்டும் முன்பக்கம் பின்பக்கமாகப் புரண்டிருக்கும். அப்படிப் புரண்டால் அந்தச் சீட்டிலுள்ள ஆக்ஸிஜன் மூன்றாம் கண்ணியின் பக்கக் கிளையை இடிக்க வருகிறது. இடிபடாமல் இருக்க வேண்டுமானால் அங்கே பக்கக் கிளையே இல்லாத அமினோ அமிலம் அமைவது நல்லது. அதுதான் கிளைசின். கோலாஜன் கயிற்றின் நடுவில் இடநெருக்கடியைத் தீர்த்த அதே சிறு உருவம் இங்கேயும் வளைவுக்கு வழிவிட்டு நிற்கிறது. மூன்றாம் வகையில் இரண்டு கண்ணிகளிலும் ஒரே கோணங்கள். கழித்தல் 60, கழித்தல் 30. இதையே தொடர்ந்து செய்துகொண்டு போனால் மூன்று கண்ணிக்கு ஒரு சுற்றாகச் செல்லும் இறுக்கமான சுருள் உண்டாகும். ஆக, திருப்பமும் சுருளும் அந்நியமல்ல என்பதும் அந்தக் கணக்கில் புலப்பட்டது.

கண்ணாடிப் பிம்பங்களைப் பற்றி ஒரு சொல். நம் உடலின் அமினோ அமிலங்கள் கிளைசின் நீங்கலாக ஒரே கை உடையவை. அவற்றை இடக்கை இனம் என்று கூறுவது வழக்கம். வலக்கைக்குத் தைத்த உறையில் இடக்கை நுழையச் சங்கடப்படுவதுபோல, கண்ணாடிப் பிம்ப வளைவுகளில் அவை எளிதில் அமைவதில்லை. ஆனால் இயற்கை அவற்றை முற்றிலும் விலக்கிவிடவில்லை. இரண்டு பீட்டா இழைகளை இரண்டே கண்ணிகளால் இணைக்கும் மிகக் குறுகிய கொண்டை ஊசியில், முதலாம் வகையின் பிம்பமும் இரண்டாம் வகையின் பிம்பமும் விரும்பி இடம்பெறுகின்றன என்று 1985-இல் சிபண்டா, தார்ன்டன் என்பவர்கள் எடுத்துக்காட்டினர். பீட்டா இழைகளின் இயல்பான முறுக்குக்கு அவையே பொருந்துகின்றன. தனியாகப் பார்த்தால் சிரமமான வளைவு, இடமறிந்து அமைந்தால் சிறந்த வளைவாகிறது.

இனி இந்த வகைப்பாட்டின் பிற்கால வரலாறு. ஒரு வகைப்பாடு நல்லதா அல்லதா என்பதற்கு உரைகல், புதிய பொருள்கள் வந்து குவியும்போது அது தாங்குகிறதா என்பதே. 1970-களில் புரத உருவங்கள் பெருகத் தொடங்கின. வெங்கடாசலம் கணக்கிட்ட வளைவுகள் உண்மையிலேயே புரதங்களில் இருந்தன; முதலாம் வகை எல்லாவற்றிலும் மிகுதியாக இருந்தது. ஆனால் வேறொன்றும் தெரிந்தது. திருப்பம் தெளிவாக இருந்தும் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லாத இடங்கள் கணிசமாக இருந்தன. கைகோக்காமலே திரும்பும் சங்கிலியை என்ன செய்வது? லூயிஸ், மொமனி, ஷெராகா ஆகியோர் 1973-இல் இலக்கணத்தை மாற்றியமைத்தனர். முதற் கண்ணிக்கும் நான்காம் கண்ணிக்கும் இடையே 7 ஆங்ஸ்டிராமுக்குக் குறைவான தூரம் இருந்து, அப்பகுதி சுருளாக இல்லாதிருந்தால் அது திருப்பம் என்றனர். ஆங்ஸ்டிராம் என்பது ஒரு மில்லிமீட்டரைக் கோடி கூறு செய்தால் வரும் ஒரு கூறு. இந்தப் புதிய இலக்கணத்தின்படி வகைகள் பத்தாயின.

அவற்றுள் ஆறாம் வகை தனிச் சுவை உடையது. புரோலின் என்னும் அமினோ அமிலத்தின் பக்கக் கிளை வளைந்து வந்து முதுகெலும்போடு ஒட்டிக்கொள்வது. அதனால் அதற்கு முன்னுள்ள சீட்டு சில வேளைகளில் வழக்கத்துக்கு மாறாக மடிந்து நிற்கும். அப்படி மடிந்த புரோலின் மூன்றாம் இடத்தில் அமைந்தால் வருவது ஆறாம் வகை.

பத்து வகைகளும் நிலைத்துவிடவில்லை. 1981-இல் ஜேன் ரிச்சர்ட்சன் அம்மையார் அறியப்பட்ட புரத உருவங்களையெல்லாம் எடுத்து, தாவர நூலார் செடிகொடிகளைப் பகுப்பதுபோல் பகுத்துப் பார்த்தார். மூன்றாம் வகை முதலாம் வகையிலிருந்து 30 பாகை அளவே வேறுபடுகிறது. உண்மைப் புரதங்களில் இரண்டுக்கும் நடுவே வரப்பு எதுவும் இல்லை. ஆகவே மூன்றாம் வகையை முதலாம் வகையோடு சேர்த்துவிடலாம் என்றார். கணக்கில் இரண்டாக இருந்தவை களத்தில் ஒன்றாயின. 1988-இல் வில்மட்டும் தார்ன்டனும் எட்டாம் வகை என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தனர். சில எண்கள் மறைந்தன, சில எண்கள் பிறந்தன.

ஆயினும் ஒரு குறை நெடுங்காலம் நீடித்தது. எந்த வகையிலும் சேராதவற்றைப் போட்டுவைக்க நான்காம் வகை என்ற பெயரில் ஒரு கூடை இருந்தது. திருப்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தக் கூடைக்குள் விழுந்துவிட்டது. வீட்டுச் சாமான்களில் மூன்றில் ஒரு பங்கு 'இதர' என்று எழுதிய பெட்டியில் கிடந்தால் கணக்கு எழுதியவர் மகிழ முடியுமா? முன்னொரு காலத்தில் திருப்பங்கள் எல்லாம் 'ஒழுங்கற்றவை' என்று ஒதுக்கப்பட்டனவே, அதே ஒதுக்கல் சிறிய அளவில் திரும்பவும் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 2019-இல் ஷபவாலவ், வூசெடிச், டன்பிராக் ஆகிய மூவர் மிகத் துல்லியமாக அறியப்பட்ட புரத உருவங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கணினியின் உதவியால் திருப்பங்களை இயல்பாகச் சேரும் குழுக்களாகப் பிரித்தனர். பீட்டா திருப்பங்கள் 18 வகை என்று முடிவாயிற்று. பழைய கூடையில் கிடந்தவற்றுள் பலவற்றுக்கும் இடம் கிடைத்தது. அந்த 18-க்கும் அவர்கள் எண்களை வைக்கவில்லை. இரண்டாம் கண்ணியும் மூன்றாம் கண்ணியும் ராமச்சந்திரன் வரைபடத்தில் எந்தெந்த நிலத்தில் நிற்கின்றனவோ அந்த நிலங்களின் எழுத்துகளைச் சேர்த்துப் பெயரிட்டனர். எண்கள் மாறின, சென்னையில் வரைந்த படம் மாறவில்லை.

இவ்வளவு பாடுபட்டு வளைவுகளுக்குப் பெயர் வைப்பதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. உருண்டைப் புரதங்களின் கண்ணிகளில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திருப்பங்களில் இருக்கிறது. அதுவும் திருப்பங்கள் பெரும்பாலும் புரதத்தின் மேற்பரப்பில், பிற பொருள்கள் வந்து தொடும் இடத்தில் அமைகின்றன. ஆகவே திருப்பத்தின் வடிவம் பல வேளைகளில் ஒரு சாவியின் பற்களைப்போல் வேலை செய்கிறது.

ஓர் உதாரணம் கூறுவேன். வளர்ச்சிக்குரிய ஹார்மோன் அளவுக்கு மிஞ்சிச் சுரக்காமல் தடுத்து நிறுத்தும் பொருள் ஒன்று நம் உடலில் உண்டு. அதற்குச் சோமட்டோஸ்டாட்டின் என்று பெயர்; 14 கண்ணிகள் கொண்டது. அதை மருந்தாகக் கொடுத்தால் சில நிமிடங்களில் இரத்தத்தில் சிதைந்துபோகும். அந்தப் 14 கண்ணிகளில் வேலை செய்வது நான்கு கண்ணிகள் அமைந்த ஒரு திருப்பமே என்பதை ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். மற்றவற்றைக் குறைத்து, திருப்பத்தில் ஒரு கண்ணியை வலக்கை இனமாக மாற்றி, வளைவு குலையாதபடி பிடித்துக் கட்டினர். எட்டே கண்ணிகள் கொண்ட ஆக்ட்ரியோடைடு என்னும் மருந்து கிடைத்தது. சில நிமிடங்களுக்குப் பதிலாக மணிக்கணக்கில் அது உடலில் நிற்கிறது. மூளையடிச் சுரப்பியில் கட்டி தோன்றி, கைகால்களும் முகமும் பெருத்துத் துன்புறும் நோயாளிகளுக்கு அது மருந்தாகப் பயன்படுகிறது. அந்த மருந்தின் உயிர்நிலை, இரண்டாம் வகைத் திருப்பத்தின் கண்ணாடிப் பிம்பம். 1968-இல் காகிதத்தில் கணக்கிடப்பட்ட ஒரு வளைவு இன்று மருந்துக் குப்பியில் இருக்கிறது.

அந்த வளைவை நம் நாட்டு ஆராய்ச்சியாளரும் கைவசப்படுத்தியிருக்கின்றனர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் பத்மநாபன் பலராமும் அவருடன் பணிசெய்தவர்களும் வலக்கைப் புரோலினையும் கிளைசினையும் அடுத்தடுத்து வைத்து, வேண்டிய இடத்தில் சங்கிலியைக் கொண்டை ஊசிபோல் திருப்பிக் காட்டினர். எங்கே திரும்பும் என்று காத்திருந்து பார்த்த காலம் போய், இங்கே திரும்பு என்று கட்டளையிடும் காலம் வந்தது. வகைகளின் கோணங்களை அறிந்திராவிட்டால் இது நடந்திருக்குமா?

இந்த வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பெயரில்லாத ஒன்றை 'ஒழுங்கற்றது' என்று சொல்லிவிடுவது எளிது. அந்தச் சொல் பொருளின் குணத்தைச் சொல்வதைவிட, நாம் இன்னும் கவனித்துப் பார்க்கவில்லை என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. வெங்கடாசலம் மூன்று வகைகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று பின்னர் வேறொன்றில் கலந்துவிட்டது. வேறு பல வந்து சேர்ந்தன. அதனால் அவருடைய பணி குன்றிவிடவில்லை. வகைகளை அவர் விருப்பப்படி வகுக்காமல், அணுவும் அணுவும் மோதக் கூடாது என்னும் ஒரே விதியிலிருந்து வரவழைத்தார். விதி உறுதியாக இருந்தபடியால், பின்வந்தவர்கள் வகைகளைத் திருத்தவும் சேர்க்கவும் முடிந்தது. அடித்தளத்தைத் தோண்டவேண்டிய தேவை வரவில்லை.

அடுத்த முறை திருமலையிலிருந்து இறங்கும்போது, வண்டியில் இருக்கும் குழந்தை வளைவுகளை எண்ணினால் அதைத் தடுக்க வேண்டாம். எண்ணி முடித்த பிறகு, எல்லா வளைவும் ஒன்றுபோல் இருந்தனவா, வேறுவேறாக இருந்தனவா என்று மட்டும் கேளுங்கள். எண்ணுவது ஆராய்ச்சியின் தொடக்கம். வேற்றுமை காண்பது அதன் அடுத்த படி.